மூலை ஓட்டையில் நின்ற எண்ணெய்

வண்டிக்கார அக்காவுக்கு இரண்டு வேலை. ஒன்று எல்லோருக்கும் தெரியும். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை அள்ளிப் போட்டுக்கொண்டு போய் இறக்கிவிடுவாள், சாயங்காலம் திரும்ப அள்ளிக்கொண்டு வந்து வீடு வீடாகச் சேர்ப்பாள். இன்னொரு வேலை வீட்டோடு சரி. தன் வீட்டுக்காரர் சொல்வதைத் தன் தம்பியிடமும், தம்பி சொல்வதை வீட்டுக்காரரிடமும் கொண்டுபோய்ச் சேர்ப்பது. முதல் வேலைக்குக் கூலி உண்டு. இரண்டாவதற்குக் கூலியும் இல்லை, நன்றியும் இல்லை. ஆனாலும் எதில் நீ கெட்டிக்காரி என்று யாராவது அவளைக் கேட்டிருந்தால், மனசுக்குள் இரண்டாவதைத்தான் சொல்லிக்கொண்டிருப்பாள்.

வீட்டுக்குப் பின்னால் தகரக்கூரை போட்ட ஷெட். வீட்டுக்காரரும் தம்பியும் அதில் எஞ்சின் பிரித்து மாட்டுகிறவர்கள். மற்ற ஷெட்டுக்காரர்கள் கையை விரித்த பழைய வண்டிகள் கடைசியில் இவர்களிடம் வந்து நிற்கும். தம்பி பிரித்துக் கழுவுவான், துடைப்பான், தேய்மானம் அளப்பான். வீட்டுக்காரர் சேர்த்துப் பூட்டுவார். தம்பி துடைத்து வைத்ததை வீட்டுக்காரர் திரும்பத் துடைத்ததே இல்லை, அவ்வளவு நம்பிக்கை. பல வருஷம் இப்படி நன்றாகத்தான் ஓடியது. ஒருநாள் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். என்ன, சொத்துத் தகராறா என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். போல்ட் தகராறு என்று அக்கா எந்த முகத்தோடு சொல்வாள்?

விஷயம் இதுதான். எஞ்சினின் மேல்பாதி ஹெட், கீழ்ப்பாதி பிளாக், நடுவில் கேஸ்கெட் என்ற மெல்லிய தகடு. மூன்றையும் சேர்த்து இறுக்கிப் பிடித்திருப்பவை ஹெட் போல்ட்டுகள். அவற்றை எண்ணெய் தொட்டுப் பூட்டுவதா, துடைத்துக் காயவிட்டுப் பூட்டுவதா என்பதுதான் சண்டை. வீட்டுக்காரர் காய்ந்த கட்சி. போல்ட்டின் மரையில் துளிப் பிசுக்கு இருக்கக்கூடாது, எண்ணெய் பட்ட போல்ட் இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்குக் கழன்றுகொள்ளும் என்பார். தம்பி எண்ணெய்க் கட்சி. மரையில் ஒரு சொட்டு, போல்ட் தலைக்கு அடியில் ஒரு சொட்டு இல்லாமல் முறுக்கினால் நாம் கொடுக்கிற பலத்தில் பாதியை உரசலே தின்றுவிடும் என்பான். பலத்தை அளந்து, போதும் என்கிற இடத்தில் ‘டிக்’ என்று சத்தம் போடும் நீளக்கை ஸ்பேனர் ஒன்று உண்டு, டார்க் ரெஞ்ச். காய்ந்த போல்ட்டில் அதுவும் ஏமாந்துபோகும், இறுகாததை இறுகிவிட்டது என்று சொல்லும் என்பது தம்பியின் வாதம்.

யார் சரி என்பது பின்னால் வரும். அதுவரைக்கும் அவரவர் கையில் கிடைத்த போல்ட்டை அவரவர் இஷ்டத்துக்குப் பூட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஒரு வாடகைக் கார் வந்து கெடுத்தது. வீட்டுக்காரர் பூட்டிக் கொடுத்த எஞ்சின், கேஸ்கெட் ஊதிக்கொண்டு திரும்ப வந்தது. கார்க்காரர் எதிரில் நிற்கிறார். கேஸ்கெட்டே மட்டம் என்றார் வீட்டுக்காரர். தம்பி பேசாமல் இருந்திருக்கலாம். அவனுக்கும் அன்றைக்கு நாக்கில் சனி.

“காஞ்ச போல்ட்டப் போட்டு முறுக்கினா எந்தக் கேஸ்கெட்டும் ஊதத்தான் செய்யும் மாமா.”

“உனக்கு இந்த ஷெட்ல இடம் குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்.”

“நீங்க குடுத்த இடமா? ஷெட்டே எங்கப்பா போட்டது.”

அவ்வளவுதான். மூன்றே பேச்சு. வாடகைக் கார்க்காரர் மெதுவாக வெளியே போய் நின்றுகொண்டார். அன்றையிலிருந்து இருவரும் ஒரே எஞ்சினுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நின்று வாயைத் திறக்காமல் வேலை செய்தார்கள். கனமான ஹெட்டைத் தூக்க இரண்டு பேர் வேண்டும் என்றால் வீட்டுக்காரர் கூரையைப் பார்த்து, “தூக்கலாம்” என்பார். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு தூக்குவான்.

மற்றதெல்லாம் அக்கா வழியாகத்தான்.

“உன் தம்பிகிட்டச் சொல்லு, பெரிய ஸ்பேனரை எடுத்தா எடுத்த இடத்துல வைக்கணும். எல்லாம் அவங்கப்பன் வீட்டுச் சொத்துன்னு நினைப்பு.”

அக்கா ஷெட்டின் மறுகோடிக்குப் போவாள். “டேய், மாமா பெரிய ஸ்பேனரைத் தேடுறாரு. முடிஞ்சதும் இடத்துல வெச்சிரு.”

“கண்ணாடியப் போட்டுட்டுத் தேடச் சொல்லு. அங்கதான் கிடக்கு.”

அக்கா திரும்ப வருவாள். “அங்கதான் இருக்காம்ங்க. வேணும்னா வந்து எடுத்துத் தரட்டுமான்னு கேக்கிறான்.”

கேட்கவே இல்லை அவன். அது அக்கா போட்ட சர்க்கரை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போவதற்குள் முள்ளை எடுத்துவிடுவாள், சமயத்தில் இனிப்பும் சேர்த்துவிடுவாள். டீ வடிகட்டியில் தூள் நிற்பதுபோல வேண்டாத வார்த்தையெல்லாம் அவளிடமே நின்றுவிடும். அது எங்கே போகும்? எங்கேயும் போகாது. ராத்திரி படுக்கும்போது அவள் மார்பில்தான் கனக்கும். ஆனால் தான் இல்லாவிட்டால் இந்த ஷெட் என்றைக்கோ இரண்டாகியிருக்கும் என்று அவள் உறுதியாக நம்பினாள். நம்புவதற்குக் காரணமும் இருந்தது. சின்ன வயதில் அப்பாவும் அம்மாவும் முறைத்துக்கொண்ட நாட்களில் இதே வேலையைப் பார்த்து வளர்ந்தவள் அவள்.

அந்த அப்பாவின் பழைய கார்தான் அவள் ஓட்டுகிற வண்டியும். அப்பா போனபிறகு தம்பி, “உதிரியா வித்தா நல்ல விலை போகும்கா” என்றான். அக்கா சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பேச்சு அதோடு முடிந்தது. இடதுபக்கப் பின்கதவு வெளியிலிருந்து மட்டும்தான் திறக்கும், பிள்ளைகளை ஏற்ற அதுவே வசதி. ஹாரன் சளி பிடித்த மாதிரி கத்தும், பிள்ளைகள் அதைக் கேட்டுத்தான் புத்தகப்பையை மாட்டுவார்கள். அக்காவுக்குக் கல்யாணம் ஆகி, பெண் பெற்று, அந்தப் பெண்ணும் வேலைக்கு என்று வெளியூர் போனபிறகு, தனக்கே தனக்கு என்று அவளிடம் மிச்சம் இருந்தது அந்த ஸ்டியரிங் ஒன்றுதான். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, யாரும் கேட்டதும் இல்லை.

பெரிய லீவுக்குக் கொஞ்சம் முன்னால் அந்த வண்டி வெள்ளைப் புகை கக்க ஆரம்பித்தது. வீட்டுக்காரர் எஞ்சின் எண்ணெய் அளக்கும் குச்சியை உருவிப் பார்த்தார். எண்ணெய் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தது. கேஸ்கெட் போய், எஞ்சினைக் குளிர்விக்கிற தண்ணீரும் எண்ணெயும் ஒன்றாகிவிட்டன.

“ஹெட்டை இறக்கணும்” என்றார். “லீவு முடியறதுக்குள்ள பண்ணிடலாம். ஆனா பாத்துப் பண்ணணும். இந்த எஞ்சினுக்கு மத்ததெல்லாம் எங்கயாவது பொறுக்கிடலாம். பிளாக் மட்டும் கிடைக்காது. பிளாக் போச்சுன்னா வண்டி போச்சு.”

இது அக்காவுக்கும் தெரியும். இன்னொன்றும் தெரியும். பிள்ளைகளின் தெருவில் ஒரு புது வேன்காரர் சுற்ற ஆரம்பித்திருந்தார். ஜன்னலுக்குத் திரை, உள்ளே பாட்டு எல்லாம் உண்டு. பள்ளிக்கூடம் திறக்கிற அன்று காலையில் அக்காவின் ஹாரன் கேட்காவிட்டால் வேன்காரரின் ஹாரன் கேட்கும்.

அதனால் லீவு முழுக்க ஷெட்டின் நடுவில் அக்காவின் எஞ்சின்தான். இருவரும் அதை ஒரு சீக்காளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள், பேசாமலேயே. தம்பி பிளாக்கில் இருந்த போல்ட் ஓட்டை ஒவ்வொன்றிலும் மரையைச் சுத்தம்செய்து, கம்பியில் துணி சுற்றித் துடைத்து, காற்றடித்து ஊதினான். அடியில் மூடியிருக்கிற ஓட்டைகள் அவை, கிணறு மாதிரி. எது உள்ளே போனாலும் வெளியேற வழி கிடையாது. ஒரு மூலையில் மட்டும் ஓட்டைக்கு ஆழம் குறைவு, அதற்கு வருகிற போல்ட்டும் குட்டை.

வேலை இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது, ஒருநாள் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போன வீட்டுக்காரர் திரும்பிவந்து சமையலறை வாசலில் நின்றார்.

“உன் தம்பி சொன்னதுல விஷயம் இருக்கும்மா.”

“எதுல?”

“அந்த போல்ட் சமாச்சாரம்தான். மனசு கேக்கலைன்னு ஒரு பழைய போல்ட்ட எடுத்துக் காயவெச்சு முறுக்கிப் பாத்தேன். சாக்பீஸ்ல கோடு போட்டுக்கிட்டேன். அப்புறம் அதையே எண்ணெய் தொட்டு, அதே பலத்துல முறுக்கினேன். கோட்டைத் தாண்டி எங்கயோ போய் நிக்குது. அப்ப இத்தனை நாளா நான் பூட்டினதெல்லாம் அரைகுறைதான்.” கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தார், கை எப்போதோ காய்ந்துவிட்டது. “உன் வண்டிக்கு எண்ணெயில முக்கித்தான் பூட்டப் போறேன்.”

அக்காவுக்கு வாய் கொள்ளாத சந்தோஷம். “அவன்கிட்டச் சொல்லவா?”

“மூச்சு விடாதே. தலையில ஏறி உக்காந்துக்குவான்.”

மறுநாள் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது தம்பி வந்து கொடிக்கு அந்தப் பக்கம் நின்றான்.

“அக்கா, மாமா காஞ்ச போல்ட்டத்தான் போடுவாரு. அவரு மாற மாட்டாரு. மத்த வண்டின்னா போகட்டும்னு விட்டுருவேன். இது அப்பா வண்டி.”

“அதுக்கு என்னடா பண்ணப் போறே?”

“ஹெட்டைத் தூக்கி வெச்சதுக்கப்புறம் ஓட்டைல அளவா ரெண்டு ரெண்டு சொட்டு விட்டுர்றேன். காஞ்ச போல்ட்டே உள்ள போனாலும் மரை நனைஞ்சிக்கும். அவர்கிட்டச் சொல்லிடாதே. தெரிஞ்சா துடைச்சு எடுத்துட்டுத்தான் மறுவேலை பாப்பாரு.”

“சொல்லலடா” என்றாள் அக்கா. ஈரச்சட்டையை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அவளுடைய கணக்கைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவளைத் தப்பாக நினைப்போம். இரண்டு பேரும் ஒரே கட்சிக்கு வந்துவிட்டார்கள். அது அவர்களுக்குத் தெரியாது, அவளுக்கு மட்டும் தெரியும். எண்ணெய் நல்லது என்றால் இரண்டு கை எண்ணெய் இன்னும் நல்லது, இதில் கெடுதல் வர என்ன இருக்கிறது? எஞ்சின் கிளம்பி ஓடட்டும், அந்தச் சத்தத்தில் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவைத்து, ‘நீங்களும் எண்ணெய், அவனும் எண்ணெய், இனி எதுக்கு முறைப்பு’ என்று போட்டு உடைத்துவிடலாம். ஆறேழு மாதமாக நல்ல சேதி ஒன்றுகூடக் கையில் இல்லாமல் நடந்தவளுக்கு இது புதையல். அதை அவிழ்க்க மனசு வராமல் பொத்திவைத்தாள்.

ஹெட்டைத் தூக்கிவைத்த மறுநாள் காலை தம்பி முதலில் ஷெட்டுக்கு வந்தான். நீள மூக்கு எண்ணெய் டப்பாவை எடுத்து, ஒவ்வொரு ஓட்டையிலும் சொட்டுவிட்டான். ஓட்டைகளைத் துணியால் மூடினான். தான் இருந்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று சைலன்சருக்குக் கேஸ்கெட் வாங்கும் சாக்கில் கடைக்குக் கிளம்பினான்.

அடுத்து வீட்டுக்காரர் வந்தார். தம்பி இல்லாதது அவருக்கும் சௌகரியமாகப் போயிற்று. ஒரு தட்டில் எண்ணெய் ஊற்றி எல்லாப் போல்ட்டையும் அதில் போட்டுப் புரட்டினார். வாழ்நாள் முழுக்க எண்ணெய் தொடாதவர் அல்லவா, எவ்வளவு போதும் என்று கைக்குத் தெரியவில்லை. எடுத்துச் சொட்டவிட்டு, துணியில் ஒற்றி, அப்புறம் போட வேண்டும். தட்டிலிருந்து நேராக எடுத்துச் சொருகினார். ஓட்டையில் எட்டிப் பார்க்கவும் இல்லை. தம்பி துடைத்த ஓட்டையை அவர் எதற்குப் பார்க்கப் போகிறார்?

அக்கா டீ கொண்டுவந்தபோது நடு போல்ட்டுகள் முடிந்து ஓரத்துக்கு வந்திருந்தார். ஹெட்டை நடுவில் ஆரம்பித்து வெளிப்பக்கமாக, கொஞ்சம் கொஞ்சமாகப் பல சுற்று இறுக்க வேண்டும். கடைசிச் சுற்று அது. டிக். அடுத்தது. டிக். அவர் முகத்தில் ஒரு திருப்தி. “பாரு, எப்படி வழுக்கிட்டுப் போகுதுன்னு” என்றார். பிறகு மூலைக்குப் போனார், அந்தக் குட்டை போல்ட்டுக்கு.

ரெஞ்சை இழுத்தார். டிக் வரவில்லை. வேறு ஒரு சத்தம் வந்தது, காய்ந்த சுள்ளியைக் காலால் மிதித்தமாதிரி. ரெஞ்ச் கையில் தளர்ந்து வந்தது.

அவர் குனிந்து பார்த்தார். பிளாக்கின் வெளிப்பக்கத்தில், அந்த மூலைக்கு நேராக, மயிரிழை போல ஒரு விரிசல். மயிரிழையிலிருந்து எண்ணெய் கசிந்து, முத்துமுத்தாக இறங்கிக்கொண்டிருந்தது.

இரும்புக்கு இடம் கொடுக்கத் தெரியாது, எண்ணெய்க்கு அமுங்கத் தெரியாது. அடைத்த ஓட்டையில் எண்ணெய் நிறைந்திருக்க, மேலே இருந்து போல்ட் இறங்கினால் யாராவது ஒருவர் வழிவிட்டாக வேண்டும். ஒருவர் விட்ட எண்ணெய் மட்டும் இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. இன்னொருவர் போல்ட்டில் ஏற்றிய எண்ணெய் மட்டும் இருந்திருந்தாலும் ஆகியிருக்காது. இரண்டும் சேர்ந்ததை அந்தக் குட்டை ஓட்டையால் தாங்க முடியவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தம்பி உள்ளே வந்தான். விரிசலைப் பார்த்தான். தட்டில் மிச்சம் இருந்த எண்ணெயையும் பார்த்தான்.

“ஓட்டைல ஏது இவ்வளவு எண்ணெய்?” வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துக் கேட்டார்.

“போல்ட்ட எண்ணெயில முக்கினது யாருன்னு கேளுக்கா” என்றான் தம்பி.

இரண்டு கேள்வியும் அக்காவின் கைக்கு வந்துவிட்டன. வழக்கம்போல அவள் எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான் பாக்கி. அவள் நாக்கில் ஒரு பதில் தயாராகவே இருந்தது. ‘பழைய இரும்புதானே, முன்னாடியே எங்க விரிசல் இருந்ததோ’ என்று ஆரம்பித்தால் போதும். இருவரும் அப்படியே பிடித்துக்கொள்வார்கள். யார் மேலும் தப்பு இல்லை என்று ஆகிவிடும். வண்டி போகும், ஷெட் நிற்கும். இந்த வேலையை இத்தனை நாள் செய்த கைதானே, இன்னும் ஒருதரம் செய்ய முடியாதா?

அக்கா டீயைக் கீழே வைத்தாள்.

“ஓட்டைல விட்டது அவன். போல்ட்ட முக்கினது நீங்க. ரெண்டும் எனக்கு முன்னாடியே தெரியும். அவனும் சொல்லாதேன்னான், நீங்களும் சொல்லாதேன்னீங்க. நான் சொல்லல.”

தம்பியின் பக்கம் திரும்பினாள்.

“தான் பூட்டினதெல்லாம் அரைகுறைன்னு மாமா சொன்னாருடா. நீ சொன்னதுதான் சரின்னாரு. அதையும் நான் சொல்லல. எல்லாம் அப்பன் வீட்டுச் சொத்துன்னு நினைப்புன்னாரு, அதையும் சொல்லல. ஏங்க, கண்ணாடி போட்டுத் தேடச் சொன்னது இவன்தான். எடுத்துத் தரட்டுமான்னு இவன் கேக்கவே இல்ல. அது நான் சேத்தது. முந்தாநாள் நீங்க நல்லா இருக்கியான்னு கேட்டதா நான் இவன்கிட்டச் சொன்னேன் பாருங்க, அதுவும் நான் சேத்ததுதான். எல்லாம் நான் சேத்தது, நான் எடுத்தது. எதை எடுக்கணும், எதை எடுக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியல. இனிமே எதுவா இருந்தாலும் நேரா பேசிக்குங்க. முடியலையா, ஷெட்ட மூடிட்டு ஆளுக்கொரு பக்கம் போங்க.”

சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். வண்டிக்காக அழுதாளா, தன் கெட்டிக்காரத்தனத்துக்காக அழுதாளா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே மயிரிழை வழியாகத்தான் கசிந்தன.

சாயங்காலம் முகத்தைக் கழுவிக்கொண்டு பிள்ளைகளின் வீடுகளுக்கு நடந்தே போனாள். பள்ளிக்கூடம் திறக்கிற அன்று வண்டி வராது, எப்போது வரும், வருமா என்றே தெரியாது என்றாள். என்ன ஆச்சு என்று கேட்டவர்களிடம், சொல்ல வேண்டியதை ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன், எஞ்சின் விரிசல் விட்டுவிட்டது என்றாள். யாருக்கும் புரியவில்லை. சிலர் காத்திருக்கிறோம் என்றார்கள். இரண்டு வீட்டில் வேன்காரருக்கு ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது, அதைச் சொல்ல அவர்களுக்கும் சங்கடம். “பரவால்லைங்க, நல்ல வேன்தான்” என்று சொல்லிவிட்டு அக்கா தெருமுனை வரைக்கும் தலை நிமிராமல் நடந்தாள்.

திரும்பி வந்தபோது ஷெட்டில் சத்தம் கேட்டது. பேச்சுச் சத்தம்.

“தண்ணி ஓடுற பக்கம் போகல மாமா. வெளிச்சுவரோட நின்னுருக்கு.”

“நின்னா மாதிரி இருக்கும். நாளைக்குச் சூடாகும்போது ஓடும்.”

“ரெண்டு முனையிலயும் துளை போட்டுட்டா எங்க ஓடும்? போட்டுட்டுத் தைக்கலாம்.”

“தைக்கலாமாம். துணி பாரு தைக்கிறதுக்கு.”

வெல்டு வைத்தால் பழைய வார்ப்பிரும்பு சூட்டில் இன்னும் விரியும். அதனால் விரிசல் நெடுகச் சின்னச் சின்னத் துளை போட்டு, மரைபோட்ட இரும்பு ஊசிகளை ஒன்றையொன்று கடித்தமாதிரி இறக்கி, தலையைத் தட்டி மட்டமாக்குவார்கள். அதைத்தான் தைப்பது என்பது. ஒருவர் செய்கிற வேலை இல்லை. ஒருவர் துளை போட்டால் இன்னொருவர் பக்கவாட்டில் நின்று, சாய்கிறது, நிமிர்த்து, போதும் என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு செய்ய வழியே கிடையாது. நாலைந்து நாள் அது நடந்தது. பேசினார்கள் என்று சொல்வதைவிடக் கத்திக்கொண்டார்கள் என்பதுதான் சரி. அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்பாள். ஒவ்வொரு வார்த்தைக்கும், இதை நான் எடுத்திருப்பேனே, இதை மாற்றியிருப்பேனே என்று கை பரபரக்கும். எழுந்து போகாமல் இருக்க ஏற்கெனவே தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் தேய்த்தாள்.

பள்ளிக்கூடம் திறந்தது. வேன் பாட்டுப் போட்டுக்கொண்டு வீட்டைத் தாண்டிப் போயிற்று. அக்கா வாசலில் நின்று பார்த்தாள், பிறகு உள்ளே வந்தாள்.

ஹெட்டைத் திரும்பப் பூட்டுகிற அன்று அவள் டீயோடு ஷெட் வாசலில் நின்றாள். உள்ளே போகப் பயமாக இருந்தது. புதுக் கேஸ்கெட் வைத்து, ஹெட்டை ஏற்றி வைத்திருந்தார்கள். போல்ட்டுகள் துணியில் வரிசையாகக் கிடந்தன, எண்ணெய் தொட்டு ஒற்றி எடுத்து, மரை மினுமினுக்கிற அளவுக்கு மட்டும். தம்பி கம்பியில் வெள்ளைத்துணி சுற்றி ஓட்டைக்குள் விட்டு எடுத்துப் பார்த்தான். வாசலில் அவள் நிழலைக் கண்டதும், பழக்கதோஷம்,

“அக்கா, ஓட்டை காஞ்சிருக்குன்னு மாமாகிட்டச் சொல்லு” என்றான்.

மாமா ஒரு முழத் தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். அக்கா வாயைத் திறந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

“எனக்குக் காது இருக்கு” என்றார் வீட்டுக்காரர். “எங்கிட்டச் சொல்லு.”

“காஞ்சிருக்கு மாமா.”

“துடைச்சியா?”

“துடைச்சேன்.”

“துணியக் காட்டு.”

காட்டினான். வெள்ளையாக இருந்தது. முதல் போல்ட் உள்ளே போயிற்று. அடுத்த ஓட்டைக்கும் அதே கேள்வி, அதே பதில். அதற்கடுத்ததற்கும் அப்படியே. பல வருஷமாக அவன் துடைத்ததைக் கேள்வி கேட்காதவர் ஒவ்வொன்றுக்கும் கேட்டார், அவனும் முகம் சுளிக்காமல் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். எல்லாம் உள்ளே போனபிறகு நடுவில் ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக, சுற்றுச் சுற்றாக இறுக்கினார். கடைசிச் சுற்றில் கடைசியாக மூலை. தம்பி தைத்த இடத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டான், கையாலேயே பிடித்து நிறுத்திவிடுகிறவன் மாதிரி. வீட்டுக்காரர் ரெஞ்சை மாட்டினார், ஆனால் இழுக்கவில்லை.

“தலைக்கு அடியில எண்ணெய் தொட்டியா, இல்ல இதையும் குளிப்பாட்டிட்டியா? எல்லாம் அப்பன் வீட்டுச் சொத்துன்னு நினைப்பு.”

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். இத்தனை மாதம் இந்த ஒரு வார்த்தை அந்தக் கோடிக்குப் போய்விடக்கூடாது என்றுதான் அவள் நடையாய் நடந்தாள்.

“எங்கப்பன் வீட்டுச் சொத்துதான் மாமா” என்றான் தம்பி. “பாத்து முறுக்குங்க.”

வீட்டுக்காரர் மூக்கால் சிரித்தார். இழுத்தார்.

டிக்.

தம்பி கையை எடுத்து உள்ளங்கையைப் பார்த்தான். சட்டையில் துடைத்துவிட்டு, தைத்த இடத்தில் திரும்ப வைத்துப் பார்த்தான். “காஞ்சிருக்கு” என்றான்.

அக்காவுக்கு நிம்மதியாக இருந்தது. கூடவே கோபமும் வந்தது. வண்டி பிழைத்ததும் சந்தோஷம்தான், சேர்ந்துகொண்டதும் சந்தோஷம்தான். ஆனால் இவ்வளவு லேசாகப் போகிற வார்த்தையையா அவள் ராத்திரி ராத்திரியாக மார்பில் வைத்துப் படுத்திருந்தாள்?

“இதை அன்னிக்கே நேராச் சொல்லித் தொலைஞ்சிருந்தா என் வண்டிக்குத் தையல் வந்திருக்காது” என்றாள். எதையும் எடுக்கவில்லை, எதையும் சேர்க்கவில்லை.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“டீ ஆறுது” என்றாள் அக்கா.